இறந்தவர் கனவில் வந்தால்: துக்க வீட்டில் அந்தக் கனவை எப்படிப் பேசுவது?

வைகறை

வலி தணிப்பு மருத்துவக் குழுவோடு வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களுக்காகக் கேட்கிறேன். நோயாளி இறந்த பிறகும் குடும்பத்தைப் போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். காரியம் முடிந்து ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை, தலைத்திதிக்கு முன்னால் ஒருமுறை. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "ஏதோ இருக்கேன்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "தூக்கம் வருதா?" என்று கேட்டால்தான் கனவு வெளியே வருகிறது.

பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, இறந்தவர் வருகிறார், பேசமாட்டார். பசியோடு நிற்கிறார், அல்லது வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டார். இரண்டாவது ஆஸ்பத்திரிக் கனவு. மூச்சுக்குழாய், மானிட்டர் சத்தம், இழுத்து இழுத்து விட்ட மூச்சு என்று கடைசி நாட்களில் பார்த்தது அப்படியே திரும்பி வருகிறது. மூன்றாவது, கனவே வராதது. "எல்லார் கனவுலயும் வர்றார், எனக்கு மட்டும் வரல. எம்மேல கோவமா?" என்று கேட்பவர்கள்.

வீட்டுப் பெரியவர்கள் உடனே பலன் சொல்லிவிடுகிறார்கள். "கூப்பிட்டாங்களா? கூடப் போனியா?" என்று பதறுகிறார்கள், படையல் போடச் சொல்கிறார்கள். எங்கள் ஆட்களோ "நினைச்சுக்கிட்டே படுத்திருப்பீங்க, அதான்" என்று பேச்சை மூடிவிடுகிறார்கள். இரண்டாலும் அந்த மனிதருக்கு ஆறுதல் கிடைப்பதாகத் தெரியவில்லை. கனவைப் பிடித்துக்கொண்டே துக்கத்தைப் பேசவைக்க முடியுமென்றால் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எதைத் தொடவே கூடாது?

தாழை

இறந்தவரைக் கனவில் காண்பது துக்கத்தில் மிகச் சாதாரணம் என்பதை முதலில் அவர்களிடமே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் ஹாஸ்பிஸ் என்னும் இறுதிக்காலப் பராமரிப்பில் உறவினரை இழந்தவர்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் அப்படிக் கனவு கண்டதாகச் சொன்னார்கள். பழைய நல்ல நாட்கள், நோய் நீங்கி நலமாக இருப்பது, இறந்த நேரத்துக் காட்சி, ஏதோ ஒரு செய்தி சொல்வது ஆகியவைதான் அதிகம் வந்தவை. "எனக்கு மட்டும் ஏதோ ஆகிறது" என்ற பயம் தணிந்தால்தான் மீதிப் பேச்சு.

அடுத்தது, அர்த்தம் சொல்வது உங்கள் வேலை இல்லை. அர்த்தம் கண்டவரிடம் இருக்கிறது. உங்கள் வேலை கேட்பது, அதுவும் வரிசையாகக் கேட்பது. கிளாரா ஹில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1996இல் வெளியிட்ட முறையில் ஆராய்தல், புரிதல், செயல் என்று மூன்று கட்டங்கள் உண்டு. மனநல ஆலோசகர்கள் ஒரு முழு அமர்வை அதற்கு ஒதுக்குவார்கள். தன்னார்வலர் அதைச் சுருக்கி முக்கால் மணி நேரத்தில் செய்யலாம். கடைசிப் பத்து நிமிடத்தைத் தொடாமல் வையுங்கள், அது ஆளை நிலைக்குக் கொண்டுவருவதற்கு. ஒரு வருகைக்கு ஒரே ஒரு கனவுதான். கூடத்தில் எல்லார் முன்னாலும் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் "ஐயோ, அது கெட்ட கனவாச்சே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தோடு முடிந்தது. திண்ணை, மொட்டை மாடி, எங்காவது தனியாக.

முதல் தடவை குறுக்கிடாமல் முழுக்கச் சொல்லட்டும். இரண்டாம் தடவை மெதுவாக, இப்போது நடப்பதுபோல்: "நின்னார்" இல்லை, "நிக்கிறார்". எங்கே, என்ன வெளிச்சம், கையில் என்ன, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், இரண்டு பேருக்கும் இடையில் எவ்வளவு தூரம். இதில் எந்த இடத்தில் குரல் மாறுகிறது என்று பாருங்கள். அங்கே நிறுத்தி, "இந்த இடத்துல உங்களுக்கு எப்படி இருக்கு?" பயம், ஏக்கம், கோபம், நிம்மதி என்று பெயர் சொல்லட்டும். பல சமயம் இரண்டு கலந்து வரும். இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு கனவில் அழுத்தமாக நின்ற இரண்டு மூன்று பொருளையோ காட்சியையோ மட்டும் எடுத்து ஒவ்வொன்றாக, "இதைச் சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?" முதல் பதிலோடு விடாதீர்கள். "வேற?" என்று இன்னும் ஒருமுறை. கடைசியாக, கனவுக்கு முந்தின ஓரிரண்டு நாளில் என்ன நடந்தது என்று கேளுங்கள். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனது, ரேஷன் கார்டில் பெயர் நீக்கியது, வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் நின்றது, அவருடைய செல்போன் நம்பரை நிறுத்தியது. கனவு பெரும்பாலும் இந்த மாதிரி ஒன்றைத் தொட்டுக்கொண்டுதான் கிளம்புகிறது.

ஓர் உதாரணம் கட்டிச் சொல்கிறேன். மகள் காணும் கனவு: அப்பா வாசலில் நிற்கிறார், கையில் காலித் தூக்குவாளி, ஒன்றும் பேசவில்லை. பலன் சொல்பவர் "பசியா வந்திருக்கார், படையல் போடு" என்பார். நீங்கள் தூக்குவாளியைக் கேளுங்கள். அது ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோன வாளி. வேற? கடைசி வாரம் அப்பா காபி கேட்டார், டாக்டர் வாய்வழியாக எதுவும் கூடாது என்றிருந்தார், "நாளைக்குத் தர்றேன்பா" என்று சொன்னாள், அந்த நாளை வரவில்லை. முந்தின நாள் என்ன நடந்தது? வீட்டில் யாரோ காபி போட்டு அப்பாவின் டம்ளரில் குடித்தார்கள். இந்த இடத்துக்கு வந்த பிறகு "இப்ப இந்தக் கனவு எதைப் பத்தினு தோணுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். "நான் குடுக்காமலே அனுப்பிட்டேன்" என்று அவள் சொல்வாள். நீங்கள் சொன்னால் அது உங்கள் ஊகம். அவளே சொன்னால்தான் அழுகை வரும், அழுகை வந்தால்தான் இறங்கும்.

குற்ற உணர்வு வெளியே வந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள், அது திறந்த புண். அடுத்த வருகையில் செவிலியரையோ டாக்டரையோ கூட்டிப்போய் உண்மையைச் சொல்லவையுங்கள்: இறுதி நாட்களில் உடலுக்கு உணவின் தேவை குறைந்துவிடுகிறது, பசியும் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. விழுங்க முடியாதவருக்கு ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். அந்த மறுப்பு அவரைக் காப்பாற்றத்தான். அதன் பிறகு செயல். அப்பாவுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதலாம். படத்துக்கு முன் காபி வைத்து, சொல்லாமல் போனதைச் சத்தமாகச் சொல்லலாம். எதைச் செய்வது என்பதையும் அவளே தேர்ந்தெடுக்கட்டும். சிறியதாக, அந்த வாரத்துக்குள் செய்து முடிக்கக்கூடியதாக இருக்கட்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் எனக்குத் தெரிந்து இவைதான்: "ஏன் அப்படிக் கனவு வந்தது?" என்று கேட்பது, ஏன் என்று கேட்டாலே விளக்கம்தான் வரும், உணர்வு வராது. நாம் சொன்ன அர்த்தத்துக்கு மரியாதைக்காக "ஆமாங்க" என்று தலையாட்டுவதை உண்மை என்று எடுத்துக்கொள்வது. பாம்பு என்றால் இது, தண்ணீர் என்றால் அது என்று பட்டியல் வைத்துக்கொள்வது. பல் விழும் கனவை எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் சாவு வரும் என்று ஊரே பயப்படுகிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் அந்தக் கனவு மன உளைச்சலோடு சேரவில்லை, காலையில் பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இருந்த இறுக்கத்தோடுதான் சேர்ந்து வந்தது.

நொச்சிவேலி

தாழை சொன்னது முதல் வகைக்குச் சரி. இரண்டாம் வகைக்கு, அதாவது ஆஸ்பத்திரிக் காட்சி அப்படியே திரும்பும் கெட்ட கனவுக்கு, அந்த வழியில் போகாதீர்கள். நிகழ்காலத்தில் மெதுவாகச் சொல்லவைத்தால், பயிற்சி இல்லாத ஒருவர் முன்னால் அவர் மறுபடி அந்த ஐசியூவுக்குள் போய்விடுவார், வெளியே கொண்டுவர உங்களுக்குத் தெரியாது. அங்கே அர்த்தம் தேடவும் பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்கு வேறு முறை உண்டு: விழித்திருக்கும்போது கனவை மாற்றி எழுதி, மாற்றியதை மனதில் ஒத்திகை பார்ப்பது. அமெரிக்கத் தூக்க மருத்துவர் பாரி கிராக்கோ குழுவினர் பாலியல் வன்முறைக்கு ஆளாகி, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தோடு இருந்த 168 பெண்களிடம் இதைச் சோதித்து 2001இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கெட்ட கனவும் குறைந்தது, தூக்கமும் தேறியது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2018இல் வெளியிட்ட நிலைப்பாட்டில் கெட்ட கனவுகளுக்குப் பரிந்துரைக்கும் முறையும் இதுதான்.

செய்யும் விதம். பகலில், உட்கார்ந்துகொண்டு. படுக்கையில் வேண்டாம். முதல் சில நாட்கள் கனவைத் தொடாமல், மனசுக்குப் பிடித்த ஓர் இடத்தைக் கண்ணை மூடிப் பத்து நிமிடம் பார்க்கிற பழக்கம். காட்சியைக் கொண்டுவரவும் நிறுத்தவும் கைவந்த பிறகுதான் அடுத்தது. இருப்பதிலேயே கொடிய கனவை முதலில் எடுக்காதீர்கள். பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்லி, 4, 5 வாங்கும் கனவிலிருந்து தொடங்குங்கள். பழைய கனவைச் சுருக்கமாக எழுதினால் போதும். பிறகு "எப்படி வேணும்னாலும் மாத்துங்க" என்று விட்டுவிடுங்கள். தொடக்கத்தை மாற்றலாம், முடிவை மாற்றலாம், சுவரின் நிறத்தை மட்டும்கூட மாற்றலாம். மாற்றம் அவருடையதாக இருக்கவேண்டும், நீங்கள் எடுத்துக் கொடுக்கக்கூடாது. புதிய கனவை விரிவாக எழுதி, தினமும் 10 முதல் 20 நிமிடம் அதை மட்டும் மனக்கண்ணில் ஓட்டவேண்டும். ஒரு வாரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு கனவு.

துக்கத்தில் இதற்கென்றே ஒரு சிக்கல் உண்டு. "அவர் பிழைச்சு எழுந்து வீட்டுக்கு வர்றார்" என்று மாற்றி எழுதுவார்கள். ஒத்திகை நேரம் சுகமாக இருக்கும், கண்ணைத் திறந்ததும் இழப்பு புதிதாக அடிக்கும். நீங்கள் தடுக்கவேண்டாம். ஒத்திகைக்குப் பிறகு மதிப்பெண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் கேளுங்கள். ஏறினால் வேறு மாற்றம் எழுதச் சொல்லுங்கள். பலருக்கு நிற்பது சிறிய மாற்றம்தான்: குழாயெல்லாம் கழற்றியாகிவிட்டது, அறை அமைதியாக இருக்கிறது, கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஐசியூ வாசலில் நிறுத்தப்பட்டு, கடைசி நேரத்தில் கையைப் பிடிக்க முடியாதவர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மூன்றாம் நாளே "ஒண்ணும் ஆகல" என்று விடுகிறவர்கள்தான் அதிகம். அதனால் நோட்டில் இரண்டே எண் எழுதச் சொல்லுங்கள்: வாரத்தில் எத்தனை இரவு அந்தக் கனவு, பயம் பத்துக்கு எத்தனை. முதலில் குறைவது பெரும்பாலும் பயம், பிறகுதான் எண்ணிக்கை. இன்னொரு தவறு, ஒத்திகையில் "பழசையும் ஒருதரம் பார்த்துக்கிடுவோம்" என்று திரும்பிப் போவது. பழையதற்கு ஒத்திகை கிடையாது.

இதெல்லாம் தொடங்கும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரும் புரோப்ரனலால், ஆஸ்துமாவுக்கும் அலர்ஜிக்கும் தரும் மான்டெலுகாஸ்ட், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை எல்லாமே கெட்ட கனவைக் கிளப்பக்கூடும். மன அழுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும், குடியை நிறுத்தினாலும் கனவுகள் மூர்க்கமாகத் திரும்பும். மருந்தை அவரே நிறுத்தக்கூடாது, எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்கட்டும். குறட்டையும் இடையிடையே மூச்சுத் திணறலும் இருந்தால் தூக்கப் பரிசோதனை தேவை. ஐம்பது வயதுக்கு மேல், கனவில் நடப்பதைக் கைகாலால் செய்து, கத்தி, பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்துவிடுகிறார் என்றால் அதைத் துக்கக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அது பார்க்கின்சன் போன்ற நோயின் முன்னறிகுறியாக இருக்கலாம், நரம்பியல் மருத்துவர் பார்க்கவேண்டும்.

வைகறை

மருந்துச் சீட்டைப் பார்க்கும் பழக்கம் எங்களிடம் இல்லை, அதை வருகைப் படிவத்திலேயே சேர்க்கலாம். மூன்று கேள்வி மீதி. கனவே வராதவர்களுக்கு என்ன சொல்வது? "விடியற்காலைக் கனவு பலிக்கும்" என்று நம்பிப் பயப்படுபவர்களுக்கு? மாதம் ஒருமுறை துக்கத்தில் இருப்பவர்களைக் கூட்டி உட்காரவைக்கிறோம், அங்கே கனவைப் பேசலாமா?

கார்த்திகைப்பூ

கனவு வராதவர் என்று பெரும்பாலும் யாரும் இல்லை, நினைவில் நிற்காதவர்தான் உண்டு. கண்கள் இமைக்குள் வேகமாக அசையும் ரெம் தூக்கத்தை 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அறிவித்தார்கள். தெளிவான, கதைபோல ஓடும் கனவுகள் அதில்தான் அதிகம். சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை அது வரும், முதலில் சில நிமிடங்கள், விடிய விடிய நீளும். ராத்திரியின் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் மிகுதி. விடியற்காலைக் கனவுதான் நினைவில் நிற்கிறது, அதனால்தான் அது மட்டும் பலிப்பதுபோல் தெரிகிறது. பயப்படுபவருக்கு இதை இப்படியே சொல்லலாம்.

துக்க வீட்டில் நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுபவர்கள் அந்தக் கடைசிப் பங்கையே இழக்கிறார்கள். மன அழுத்த மாத்திரைகள் பலவும் ரெம் தூக்கத்தைக் குறைக்கும். தூங்குவதற்கென்று இரவு குடித்தால் முன்னிரவில் ரெம் அடங்கும், பின்னிரவில் தூக்கம் கலைந்துகொண்டே இருக்கும். ஆகவே "எம்மேல கோவமா?" என்று கேட்பவரிடம் தூக்க நேரத்தையும் மாத்திரையையும் கேளுங்கள். காரணம் அங்கே கிடைத்தால் அவர் முகமே மாறும்.

நினைவில் பிடிக்க: படுக்கும்போது "இன்னைக்கு வர்ற கனவு ஞாபகம் இருக்கணும்" என்று ஒருமுறை சொல்லிக்கொள்வது. விழித்ததும் அசையாமல், கண் திறக்காமல், அதே பக்கமாகவே படுத்துக் கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கிப் போவது. ஒன்றும் கிடைக்காவிட்டால் மெதுவாக மறுபக்கம் திரும்பிப் படுத்து மறுபடி தேடுவது. போனை எடுத்தால் போச்சு. தலைமாட்டில் நோட்டும் பேனாவும். எழுதப் படிக்காதவர்கள் காலையில் யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னால் போதும். கதை கிடைக்காவிட்டால் எழுந்தபோது இருந்த உணர்வையும் ஒரே ஒரு படத்தையும் குறித்தால் போதும். அலாரம் அடித்து எழுப்புவது வேண்டாம், தூக்கம்தான் முதல் மருந்து.

இதிலும் எல்லை உண்டு. இறந்தவரைக் கனவில் வரவழைத்தே தீருவேன் என்று ஒருவர் தினம் தினம் முயன்றால், பகல் முழுக்க அந்த ஏமாற்றத்திலேயே போகும். கனவில் வராததற்கும் அன்பின் அளவுக்கும் சம்பந்தமில்லை. வராதவர்களுக்குப் புகைப்படத்தை எடுத்துவைத்து, அந்த நாளில் நடந்ததைச் சொல்லவைத்து, அதையே கனவுபோல எடுத்துக் கேட்கலாம். தாழை சொன்ன வரிசை அப்படியே பொருந்தும்.

தூங்கப்போகும்போதும் விழிக்கும்போதும் இறந்தவரின் குரல் கேட்பது, வாசனை வருவது, பக்கத்தில் உட்கார்ந்ததுபோல் இருப்பது, இதை வெளியே சொல்லப் பயப்படுவார்கள். 1971இல் வேல்ஸ் மருத்துவர் டெவி ரீஸ் துணையை இழந்த 293 பேரிடம் கேட்டதில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இப்படி ஏதோ ஓர் அனுபவம் இருந்தது. பைத்தியம் இல்லை என்று சொல்லுங்கள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அமுக்குவதுபோல், கைகால் அசையாமல் போவதும் வரும், ஊரில் அமுக்குவான் என்பார்கள். உடல் ரெம் நிலையில் இருக்கும்போதே மனம் விழித்துக்கொள்வதால் வருவது அது. மல்லாந்து படுப்பதும் தூக்கம் கெடுவதும் அதைக் கூட்டும். பக்கவாட்டில் படுக்கச் சொல்லுங்கள்.

பனங்கூடல்

குழுவில் கதைக்கலாம், ஆனால் ஒரு சட்டத்தோடு. நியூயோர்க் மனநல மருத்துவர் மொண்டேக் உல்மன் வகுத்த முறையில், கனவு கண்டவர் சொல்லி முடித்த பிறகு மற்றவர்கள் "இது என்னுடைய கனவாக இருந்தால்..." என்று தொடங்கித்தான் பேசவேண்டும். "உங்கட கனவுக்கு இதுதான் அர்த்தம்" என்று ஒருவரும் சொல்லக்கூடாது. கண்டவர் அந்த நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். பொருந்துவதை எடுத்துக்கொள்ளுவார், மற்றதை விட்டுவிடுவார். எந்த இடத்திலும் "காணும்" (போதும்) என்று நிறுத்தும் உரிமை அவருக்கு உண்டு. ஆறு தொடக்கம் எட்டுப் பேர் போதும், ஒரு கனவுக்கு ஒன்றரை மணித்தியாலம் போய்விடும். அங்கே கேட்ட கனவு ஊருக்குள் போகக்கூடாது. சின்ன ஊரில் இதுதான் முதலில் உடையும்.

இலங்கையில் வடக்குக் கிழக்கில் வேலை செய்பவர்களுக்காக ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் மேலே சொன்ன துக்க முறையை அப்படியே கொண்டுபோகாதீர்கள். அங்கே உடலும் இல்லை, கிரியையும் இல்லை, நாளும் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் போராட்டத்துக்கு இருந்தவர்கள் கேட்டதே பிள்ளை எங்கே என்ற பதிலைத்தான். அமெரிக்கக் குடும்ப உளவியலாளர் போலின் பொஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று தனியாகப் பிரித்துச் சொன்னது இந்த மாதிரி நிலைக்குத்தான். பிள்ளை கனவில் வெள்ளை உடுப்போடு வந்தால் "ஆள் இல்லை" என்று ஒருவர் சொல்லுவார், சாப்பாடு கேட்டால் "எங்கயோ உயிரோட இருக்கிறான்" என்று இன்னொருவர் சொல்லுவார். இரண்டும் அந்தத் தாயை உடைக்கும். கனவு ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதற்குச் சாட்சி இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிப்போட்டு, கனவில் இருந்த உணர்வோடு மட்டும் இருங்கள்: "பிள்ளை வந்து நிண்ட நேரம் உங்களுக்கு எப்படி இருந்தது? அவனுக்கு என்ன சொல்ல விரும்பினீங்கள்?" விடை கொடுக்கும் கடிதம், மாற்றி எழுதிய முடிவு, அந்தியேட்டி (இறந்தவருக்கான முப்பத்தோராம் நாள் கிரியை) செய்யும் யோசனை எதையும் நீங்கள் முன்வைக்காதீர்கள். ஏற்றுக்கொள் என்று தள்ளுவது அவவுக்குப் பிள்ளையைக் கைவிடச் சொல்வதாகத்தான் கேட்கும். வேண்டும் என்றால் அவ தானே கேட்பா.

தாழை

நொச்சிவேலி சொன்னதை ஏற்கிறேன். மெதுவாக நிகழ்காலத்தில் சொல்லவைப்பது அதிர்ச்சிக் கனவுக்கு இல்லை. முதல் வகையிலும், சொல்லும்போது மூச்சு வாங்குகிறது, கண் நிலைகுத்துகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை என்றால் உடனே நிறுத்துங்கள். கால் இரண்டையும் தரையில் அழுத்தச் சொல்லி, அறையில் கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். நான் சொன்ன கடைசிப் பத்து நிமிடம் இதற்கும்தான்.

படையலைப் பற்றி வைகறை கேட்டதில் ஒரு குழப்பம் வரக்கூடாது. படையல் போடாதீர்கள் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். காக்கைக்குச் சோறு வைப்பதும் அமாவாசை விரதமும் துக்கத்துக்குக் கை கொடுத்துவருபவை. கேட்கவேண்டியது "படையல்ல என்ன வைக்கப் போறீங்க? அது ஏன்?" என்பதுதான். அந்தப் பட்டியலைச் சொல்லும்போதே பாதிக் கனவு வெளியே வந்துவிடும். பரிகாரம் என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவரிடம் போகிறார்கள் என்றால் மட்டும் நடுவில் பேசுங்கள்.

"கூப்பிட்டாங்களா?" என்று பெரியவர்கள் பதறுகிறார்களே, அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அது நீங்களும் கேட்கவேண்டிய கேள்வி, காரணம் வேறு. "கூப்பிட்டார், போயிடலாம்போல இருக்கு" என்று ஒருவர் சொன்னால் கனவுப் பேச்சை அங்கேயே நிறுத்தி, "உயிரை விட்டுறலாம்னு நினைக்கிறீங்களா? எப்படினு யோசிச்சீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டில் பூச்சிமருந்தும் மிச்ச மாத்திரைகளும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து எடுத்துவிடுங்கள், அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நோயாளி இறந்த வீட்டில் மார்ஃபின் மாத்திரை மிச்சம் இருக்கும், அதை உங்கள் குழுவே திரும்பப் பெறவேண்டும். தொலைபேசி உதவிக்கு இந்தியாவில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926, இரண்டிலும் தமிழில் பேசலாம்.

ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் தினமும் அதே உக்கிரத்தோடு இருந்து, வேலை, சமையல், குழந்தை எதையும் கவனிக்க முடியவில்லை என்றால் கனவு நோட்டு போதாது. அதை நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 வகைப்படுத்தியிருக்கிறது, அமெரிக்க மனநல வகைப்பாடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. அதற்கென்று சிகிச்சை உண்டு. ஏற்கெனவே மனச்சிதைவு நோய் இருப்பவரோடு கனவை விளக்கும் வேலையில் தன்னார்வலர் இறங்கவே வேண்டாம்.

வைகறை

கடைசியாக ஒன்று. அப்பாவை இழந்த ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் ராத்திரி அலறி எழுகிறார்கள். அவர்களோடு இதெல்லாம் பேச முடியுமா?

நொச்சிவேலி

பேசுவதைவிட வரையலாம். முதலில் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். "அப்பா தூங்கிட்டார்", "சாமிகிட்ட தூங்கப் போயிட்டார்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை தூங்கவே பயப்படும், அம்மா கண் அயர்ந்தாலும் தட்டி எழுப்பும். "அப்பா செத்துட்டார். அவர் உடம்பு வேலை செய்றதை நிறுத்திடுச்சு. இது தூக்கம் இல்லை, தூங்கினா நாம எழுந்துருவோம்" என்று அம்மாவே தெளிவாகச் சொல்லவேண்டும். நீ ஏதோ செய்ததால் வந்ததில்லை என்பதையும் சேர்த்து.

அலறல் இரண்டு விதம். முன்னிரவில், தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அலறி, கண் திறந்திருந்தும் அம்மாவை அடையாளம் தெரியாமல், காலையில் ஒன்றும் ஞாபகம் இல்லாமல் இருந்தால் அது கனவே இல்லை, ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி விழிப்பது. எழுப்பாதீர்கள், விழாமல் பார்த்துக்கொண்டு, அடங்கியதும் படுக்கவையுங்கள். அதைப் பற்றிக் காலையில் விசாரிக்கவும் வேண்டாம். பின்னிரவில் அழுது எழுந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு, கனவைச் சொன்னால் அது கெட்ட கனவு. அந்த நேரத்தில் விளக்கம் வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டு விடிவிளக்கைப் போட்டால் போதும். மறுநாள் பகலில் ஒரு தாளில் கனவை வரையச் சொல்லுங்கள். பிறகு "இந்தப் படத்துல உனக்கு என்ன மாத்தணும்?" அதே தாளிலோ புதுத் தாளிலோ மாற்றி வரையட்டும். அப்பாவுக்குச் செருப்பு வரையும், கட்டிலுக்குச் சக்கரம் போடும், தன்னையும் பக்கத்தில் வரைந்துகொள்ளும். எதுவாக இருந்தாலும் சரி, திருத்தாதீர்கள். மாற்றிய படத்தைப் படுக்கும் முன் ஒருமுறை பார்த்து, அதில் என்ன நடக்கிறது என்று பிள்ளையே அம்மாவுக்குச் சொல்லட்டும், ஐந்து நிமிடம் போதும். பழைய படத்தை வைத்துக்கொள்வதா கிழிப்பதா என்பதும் பிள்ளை முடிவு. ஒரு மாதமாகியும் வாரத்தில் பல இரவு தொடர்ந்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், நின்றிருந்த படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்கினால் குழந்தை மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அம்மா தூங்குகிறாரா என்பதையும் அதே வருகையில் கேட்டுவிடுங்கள்.